நகம் தட்டும் இடம்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். "அண்ணே, எஞ்சின் வீணாப் போச்சு. தினமும் ஒரே எடத்துல இறங்குது. ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிடலாமான்னு பாக்குறேன்."

"ஒரே எடத்துலயா இறங்குது?"

"ஆமா. ஜன்னலோரம் வளைவு முடியிற எடம்."

"அப்ப எஞ்சின டப்பாவுல போட்டு வைங்க. சாயங்காலம் வரேன்" என்றேன். எஞ்சின் கெட்டிருந்தால் கண்ட இடத்தில் இறங்கும். ஒரே இடத்தில் இறங்குகிறது என்றால் குற்றவாளி அந்த இடத்திலேயே படுத்துக் கிடக்கிறான் என்று அர்த்தம்.

மாடியறையில் எட்டுக்கு நாலு பிளைவுட். அதன் மேல் பொம்மை மாதிரி ஆல்ப்ஸ் மலை, குகை, கிராமம், பனி மூடிய மாதா கோயில். கடலூர் வெயிலில் அந்தப் பனியைப் பார்க்கவே சுகமாக இருந்தது. நான் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனேன். ஜன்னலோரத்தில் நகம் 'டிக்' என்று தட்டியது. இரண்டு தண்டவாளங்களைச் சேர்க்கும் ஃபிஷ்பிளேட்டுக்குள் நுழைய வேண்டிய முனை, அதற்கு மேலேறி உட்கார்ந்திருந்தது. தகட்டின் கனம் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் சக்கரத்தின் விளிம்பே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதற்கு இது திண்ணைப்படி.

ஆணியைப் பிடுங்கி, முனையை அரத்தில் இரண்டு இழுப்பு இழுத்து, சரியாக நுழைத்துக் கொடுத்தேன். பத்து நிமிஷம். எஞ்சின் நாற்பது சுற்று ஓடியது. "இவ்ளோதானா? எவ்ளோ தரணும்?" என்றார். "உங்க கன்சல்டிங் ஃபீஸ் எவ்ளோவோ அதே" என்றேன். சிரித்தபடி கொடுத்தார். அவரும் ஊசி போடாமலேதான் பல நாள் ஃபீஸ் வாங்கியிருப்பார்.

சிதம்பரத்தில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். டேப் ரிக்கார்டர் செத்த பிறகு மாடல் ரயில் லேஅவுட் கட்டிக் கொடுப்பதே தொழிலாகிவிட்டது. 'இப்படி ஒரு தொழிலா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. கடலூர், புதுச்சேரி, சென்னை என்று ஆள் தேடி வருகிறார்கள். பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் செட்டிலாகி, மாடியில் ஒரு அறை காலியாகிவிட்டவர்கள். வருகிற புகாரில் பத்துக்கு எட்டு, எஞ்சின் மேல். போய்ப் பார்த்தால் பத்துக்கு எட்டு, பாதையில்.

இந்த நகம் ஓட்டும் வித்தை நான் கண்டுபிடித்ததில்லை. அப்பாவிடமிருந்து வந்தது. அவர் கிள்ளை செக்‌ஷனில் கீமேன். பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் கிள்ளை. விழுப்புரத்திலிருந்து கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மாயவரம் என்று போகும் மெயின் லைனில், வெள்ளாற்றுப் பாலத்துக்குத் தெற்கே இருக்கிறது. அப்போது மீட்டர் கேஜ். தோளில் சுத்தியல், ஸ்பானர், சிவப்புப் பச்சைக் கொடிகளோடு விடிகாலையில் கிளம்பினால், தன் எல்லை முடியும்வரை தண்டவாளத்தின் மேல் கண்ணை வைத்தபடியே நடப்பார். தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவார். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. தண்டவாளத்தைச் சிலீப்பரோடு பிடித்து வைக்கும் இரும்பு ஆப்பு. கீமேன் என்ற பெயரே அதனால்தான். திரும்பி வரும்போது மறுபக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் குனிந்தேதான் இருப்பார். கழுத்து அப்படியே பழகிவிட்டது.

பின்னாளில் அவர் பாதை பராமரிக்கும் கேங்குக்கு மேட், அதாவது தலைவர், ஆனார். பள்ளி லீவில் சோறு எடுத்துக்கொண்டு போவேன். மேட்டின் வேலை எனக்கு வேடிக்கையாக இருக்கும். நட்டுவைத்தது போல் நின்றிருந்த மனிதர் திடீரென்று மண்டியிட்டுக் கன்னத்தைத் தண்டவாளத்தில் வைப்பார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார். தூரத்தில் நிற்கும் ஆட்களுக்குக் கையை ஆட்டுவார். அவர்கள் தண்டவாளத்தைத் தூக்கி, சிலீப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைப் பீட்டரால் அடித்துத் திணிப்பார்கள். போதும் என்று கையைக் காட்டுவார். நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. கன்னம் வைத்துப் பார்த்தால் தண்டவாளம் பாம்பு மாதிரி எழுந்து தாழ்வது தெரியும். இன்றைக்கும் நான் ஒரு லேஅவுட்டைப் பார்க்கப் போனால் முதலில் செய்வது அதுதான். வாடிக்கையாளர்கள் மலையைக் காட்டுவார்கள், ஊரைக் காட்டுவார்கள். நான் பிளைவுட்டில் கன்னத்தை வைத்துப் படுத்துவிடுவேன். சில வீட்டம்மாக்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்ததுண்டு.

என் கைக்கு முதன்முதலில் வந்த ரயில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தது. அந்த ஊரில் கப்பலேறிப் பிழைக்கப் போனவர்களைச் சபுராளி என்பார்கள். அப்படிச் சிங்கப்பூரில் இருந்து திரும்பிய ஒரு பாய், மகனுக்கென்று ஒரு செட் வாங்கிவந்திருந்தார். மகன் ஒரு வாரம் விளையாடிவிட்டு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். "தம்பி, ஓட மாட்டேங்குது, பாரு" என்று என் கடைக்குக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தேன். எஞ்சின் புதுசு மாதிரி இருந்தது. தண்டவாளம் இரும்பு. பரங்கிப்பேட்டை உப்புக்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் அத்தனையும் துரு. துரு வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்? சுரண்டிப் பளபளப்பாக்கிக் கொடுத்தேன். மறுமாதம் திரும்பி வந்தது. மூன்றாம் முறை பாய் கும்பிடு போட்டுவிட்டு, "நீயே வச்சுக்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு உலோகத்தின் மேல் கண். கடற்கரை ஊரில் இரும்புத் தண்டவாளம் தொடவே கூடாது. பித்தளை துருப்பிடிக்காது, ஆனால் சீக்கிரம் கறுத்துக் கரண்டை மறிக்கும். இன்று நல்ல தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் போடுவது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது, வெள்ளி குந்துமணிகூடக் கிடையாது. நம் பாத்திரக்கடையில் ஜெர்மன் சில்வர் என்று குங்குமச்சிமிழும் தட்டும் விற்கிறார்களே, அதே ஜாதி. கல்யாண வீட்டில் வாங்கிய ஜெர்மன் சில்வர் தட்டு பத்து வருஷம் பரணில் கிடந்தும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தண்டவாளமும் அப்படித்தான். மங்கும், துடைத்தால் போகும். துடைக்க மொபைல் சர்வீஸ் கடையில் விற்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பருத்தித் துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த கோடுகளுக்குள் அழுக்கு குடியேறும், பிறகு வாரா வாரம் தேய்க்க வேண்டிவரும்.

அடுத்த பாடத்துக்கு நான் கொடுத்த விலை அதிகம். சொந்தமாக முதல் லேஅவுட் கட்டினேன். நிஜப் பாதையில் போடும் ஜல்லி 50 மில்லிமீட்டர். 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்.ஓ. அளவில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அரை மில்லிமீட்டர் ஜல்லிக்கு எங்கே போவது? பக்கத்திலேயே கடல் இருக்கிறதே என்று முடசல் ஓடைப் பக்கம் போய் ஒரு வாளி மணல் அள்ளிவந்தேன். டீ வடிகட்டியில் சலித்தேன். ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, ஊசி மருந்துச் சிரிஞ்சால் ஊற்றி ஒட்டினேன். பார்க்க அசல் கிள்ளை யார்டு. தெருவே வந்து பார்த்தது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மணலில் இருந்த உப்பு காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. பாதை வேர்த்தது. நிஜமாகவே வேர்த்தது, விரல் வைத்தால் பிசுபிசுத்தது. ஃபிஷ்பிளேட்டுகளில் பச்சைக் களிம்பு. அது போதாதென்று எஞ்சின் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. திறந்தால் மோட்டாருக்குள் மை மாதிரி கறுப்புத் தூள். நம் கடற்கரை மணலில் மழைக்குப் பிறகு கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருக்குமே, இரும்புச் சத்துள்ள கனிமத் துகள். மோட்டாரில் இருப்பது காந்தம். எஞ்சின் ஊர்ந்து போகும் வழியெல்லாம் துகளைப் பொறுக்கி வயிற்றில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது.

அத்தனை ஜல்லியையும் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன். அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கடல் மண்ணுல வீடு கட்டுவானாடா எவனாச்சும்?" என்று மட்டும் கேட்டார். இப்போது நான் போடுவது கருங்கல் கிரஷர் தூள். மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, இரண்டு சல்லடையில் சலித்து, கடைசியாகப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தூளின் மேல் நாலு முறை ஓட்டுவேன். ஒட்டுவதை உதறிவிட்டு மீதியைத்தான் பாதையில் போடுவேன்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வருபவர்கள் கடையில் ஏமாந்து நிற்பார்கள். எச்.ஓ. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 1435. அது ஐரோப்பா, அமெரிக்காவின் கேஜ். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.26 வரும். அந்த அளவில் ரெடிமேட் பாதை எந்தக் கடையிலும் இல்லை. அதனால்தான் நம் ஊர் டீசல் எஞ்சினை 16.5இல் நிறுத்தினால், பருத்த உடம்புக்குக் குச்சிக் கால் மாட்டியது மாதிரி ஏதோ உறுத்தும். மீட்டர் கேஜுக்கு இந்தச் சங்கடம் குறைவு. 1000ஐ 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. சுவிட்சர்லாந்தில் மலை ரயில்கள் பெரும்பாலும் மீட்டர் கேஜ் என்பதால் அவர்களுக்காக 12 மில்லிமீட்டர் பாதை செய்து விற்கிறார்கள். ஆல்ப்ஸுக்குச் செய்த பாதை கிள்ளைக்குப் பொருந்துகிறது. கட்டைகளை மட்டும் நம் இடைவெளிக்கு நகர்த்திக்கொள்ள வேண்டும்.

தண்டவாளத்தின் உயரத்தையும் பாருங்கள். பெட்டியில் 'கோட் 100' என்று போட்டிருந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர். 87ஆல் பெருக்கினால் 22 சென்டிமீட்டர். இன்று ராஜதானி ஓடும் 60 கிலோ தண்டவாளமே 17.2 சென்டிமீட்டர்தான். ஆக கோட் 100 என்பது குட்டி ரயிலுக்குப் போட்ட உத்தரம். கோட் 75 கிட்டத்தட்டச் சரியாக வரும். அழகுக்கு 75, முரட்டுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு 100 என்பது என் கணக்கு. பழைய எஞ்சின்களின் ஆழமான சக்கர விளிம்பு 75இல் கட்டைகளை உரசும். வாங்கும் முன் ஒரு துண்டில் ஓட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

வளைவுக்கு வருகிறேன். பாதி லேஅவுட்டுகள் பாழாவது இங்கேதான். பெட்டியில் வரும் ரெடிமேட் வளைவின் ஆரம் 371 அல்லது 438 மில்லிமீட்டர். 438ஐ நிஜ அளவுக்குப் பெருக்கினால் 38 மீட்டர். நம் ரயில்வேயில் அகலப்பாதையில் 175 மீட்டருக்குக் குறைந்த வளைவு போடக்கூடாது, மீட்டர் கேஜில் 109, மலையேறும் குறும்பாதைக்கே 44. சோழன் எக்ஸ்பிரஸை 38 மீட்டர் வளைவில் திருப்பினால் என்ன ஆகும்? அதே கதைதான் மேஜை மேலும். நீளமான பெட்டிகள் வெளியே முட்டும், கொக்கி இழுத்து உள்பக்கம் சாயும். 109 மீட்டரைச் சுருக்கினால் ஒன்றேகால் மீட்டர் ஆரம். அவ்வளவு இடம் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்பீர்கள். என்னிடம் வருபவர்களிடம் நான் சொல்வது: ரயிலைச் சுற்றிச் சுற்றி ஓடவிடாதீர்கள், சுவரோரமாக எல் வடிவத்தில் போய்வரட்டும். வளைவு ஒன்றே ஒன்று, பெரிசாக. பலர் கேட்பதில்லை. சுற்றிவர வேண்டும் அவர்களுக்கு.

நேர்ப்பாதை முடிந்ததும் வளைவு சட்டென்று தொடங்கக்கூடாது. மெல்ல மெல்ல முறுக வேண்டும். அதை எப்படிக் கோடு போடுவது? கணக்குப் புத்தகங்கள் நிறையச் சொல்லும். நான் ஒரு நீளமான தென்னை ஈர்க்கை எடுத்து ஒரு முனையை நேர்ப்பாதையின் மேல் நாலு ஆணிக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை வளைவின் மேல் கொண்டுவந்து விடுவேன். ஈர்க்கு தானாக எப்படி வளைகிறதோ அதன் மேல் பென்சில் ஓட்டுவேன். தடிமன் ஒரே சீராக இருக்கும் ஈர்க்காகப் பார்த்து எடுக்க வேண்டும், நுனிப்பக்கம் ஆகாது. பச்சை ஈர்க்கு நல்லது. காய்ந்தது ஒடியும்.

போட்ட வளைவு சரியா என்று பார்க்க அப்பாவின் நூல் வேலை. ரயில்வேயில் 20 மீட்டர் நூலை வளைவின் உள்விளிம்பில் இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பார்கள். அந்த இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் வளைவு நல்ல வளைவு. நான் 30 சென்டிமீட்டர் நூல் வைத்திருக்கிறேன். ஒன்றேகால் மீட்டர் ஆரத்துக்கு நடுவில் 9 மில்லிமீட்டர் வர வேண்டும். 90 சென்டிமீட்டர் ஆரத்துக்குப் பன்னிரண்டரை. 60க்குப் பதினெட்டே முக்கால். முனைக்கு ஒருவராக இரண்டு பேர் நூலைப் பிடிக்க வேண்டும். என் மனைவி பிடித்துப் பிடித்து, இப்போது என்னைவிடச் சரியாகச் சொல்வாள். ஒரு இடத்தில் 9, அடுத்த சாணில் 14, அதற்கடுத்து 6 என்று வந்தால் அங்கே ஒரு முழங்கை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ரயிலுக்குத் தெரியும்.

வெயிலின் கணக்கு வேறு. 12 மீட்டர் இரும்புத் தண்டவாளம் 30 டிகிரி சூட்டில் 4 மில்லிமீட்டர் நீளும். அதற்குத்தான் இணைப்புகளில் இடைவெளி விட்டார்கள், அதில் சக்கரம் தட்டும் சத்தம்தான் நம் காதில் தாலாட்டாக ஒலித்தது. மாடலில் 914 மில்லிமீட்டர் துண்டு ஒன்று 15 டிகிரிக்குக் கால் மில்லிமீட்டர் நீளும். நாலு துண்டு சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஆஸ்பெஸ்டாஸ் மாடியில் கத்திரி வெயிலில் அது போதும், பாதை பக்கவாட்டில் புடைத்து எழும். சிதம்பரத்தில் என் பழக்கம் இது: கத்திரியில் போடும்போது முனையை முனையோடு முட்டவைப்பேன். மார்கழியில் போட்டால் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, ஆணி அடித்த பிறகு உருவிக்கொள்வேன். வளைவில் மட்டும் இணைப்பைப் பற்றவைத்து ஒரே துண்டாக்கிவிட்டு வளைப்பேன், இல்லையென்றால் மூட்டு மூக்கு மாதிரி துருத்தும்.

இவ்வளவும் செய்து கரண்டைக் கோட்டைவிடுபவர்கள் உண்டு. ஃபிஷ்பிளேட் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும், கரண்டைக் கடத்தும் பொறுப்பை அதன் தலையில் கட்டக்கூடாது. உப்புக்காற்றில் இரண்டு வருஷம் தாங்காது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியிலிருந்து ஒரு மெல்லிய ஒயரைப் பற்றவைத்து, பிளைவுட்டுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் 1.5 ஸ்கொயர் ஒயரில் சேர்த்துவிடுங்கள். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டாம், தின்றுவிடும். சோதிக்க மல்டிமீட்டர் மட்டும் போதாது, அது சுமையில்லாமல் அளக்கும், எல்லா இடத்திலும் 12 வோல்ட் என்று பொய் சொல்லும். பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துக்கொண்டே போங்கள். எங்கே பல்பு மங்குகிறதோ அங்கே ஒயர் கேட்கிறது.

ரயில் தடம் மாறும் பாயிண்ட் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். ஒன்று மட்டும். பி.சி.பி. போர்டைக் கீற்றாக அறுத்துக் கட்டையாக்கி, அதன் மேல் தண்டவாளத்தைச் சீவிப் பற்றவைத்து, சொந்தமாக ஒரு பாயிண்ட் செய்ய எனக்கு நாலு நாள் பிடித்தது. கட்டையின் நடுவில் செம்பைக் கீறி விட மறந்துபோய், ஐந்தாம் நாள் ஷார்ட். இப்போது நான் பாயிண்டைக் கடையில்தான் வாங்குகிறேன்.

மரத்தைச் சொல்லாமல் விட்டால் பிழை. தானே புயல் 2011 டிசம்பர் 30 விடிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அதற்கு முந்தைய வருஷம் கடலூரில் ஒருவருக்கு ஒரு லேஅவுட் கட்டிக் கொடுத்திருந்தேன். செலவைக் குறைக்கச் சொன்னார், கடைக்காரர் காட்டிய சாதாரணப் பிளைவுட்டுக்கு நானும் தலையாட்டினேன். புயலில் மாடிக்கூரை பறந்துவிட்டது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் ஊருக்கே வேறு கவலைகள், ரயிலைப் பற்றி யார் பேசுவது? பொங்கல் கழித்துத்தான் போனேன். பிளைவுட் அடுக்கடுக்காகப் பிரிந்து பரோட்டா மாதிரி ஆகியிருந்தது. ஜெர்மன் சில்வர் தண்டவாளத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் அது உட்கார இடமில்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பலா மரம் முந்திரி மரமெல்லாம் சாய்ந்து கிடந்த ஊர், அவர் தோப்பும் போயிருந்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. தலையாட்டியது நான்.

அதற்குப் பிறகு 710 பிளை இல்லாமல் வேலை எடுப்பதில்லை. படகு கட்ட உதவும் மெரைன் பிளை. அறுத்த விளிம்புகளுக்கு இரண்டு கோட் பெயிண்ட், அடிப்பக்கத்துக்கும் சேர்த்து. மரச்சட்டத்துக்குப் பதிலாக, கதவு ஜன்னல் செய்யும் கடைகளில் கிடைக்கும் அலுமினியச் சட்டம். போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். பாதையைவிட அஸ்திவாரத்துக்கு அதிகம் கேட்கிறானே என்று முகம் சுளிப்பவர்களுக்கு அந்தப் பரோட்டாவின் படத்தைப் போனில் காட்டுவேன்.

இப்போதைய சொந்த லேஅவுட்டைச் சொல்ல மறந்துவிட்டேனே. 2006இல் அகலப்பாதையாக்க மெயின் லைனை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளை யார்டுக்குப் போய் அடியால் அளந்து நோட்டில் வரைந்தேன். 2010இல் அகலப்பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோது என் மீட்டர் கேஜ் கிள்ளை வீட்டு மாடியில் பாதி முடிந்திருந்தது. 12 மில்லிமீட்டர் பாதை. கிள்ளை ஸ்டேஷன், தெற்கே சிதம்பரம் போகும் வழி, வடக்கே வெள்ளாற்றுப் பாலம். எச்.ஓ.வில் ஒரு கிலோமீட்டர் என்பது பதினொன்றரை மீட்டர். என் மாடி நாலரை மீட்டர். ஆகவே பாலத்தின் கண்களைக் குறைத்தேன், ஊரைச் சுருக்கினேன். பாதை வேலையில் மட்டும் எதையும் குறைக்கவில்லை.

கிழக்கு ஓரத்தில் பிச்சாவரம். நிஜத்தில் லைனிலிருந்து காடு தெரியாது. இது என் சௌகரியத்துக்கு. சுரபுன்னையின் ஊன்றுவேர்களுக்குப் பழைய மோட்டாரின் செம்புக் கம்பியைப் பிரித்து விரித்தேன். வெண்கண்டல் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர் நீட்டுமே, அதற்குப் பெயிண்ட் பிரஷ்ஷின் மயிரை மூன்று மில்லிமீட்டராக நறுக்கி நட்டேன். ஒரு சாண் இடத்துக்கு ஒரு வாரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரமும் ஒன்று வைத்தேன். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பார்கள், நான் வைத்தது பஞ்சு. வருபவர்கள் எல்லோரும் அந்தக் காட்டைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். 'இதயக்கனி' எடுத்த இடம் எது என்று கேட்கிறார்கள்.

லேஅவுட் ஓடத் தொடங்கிய அன்று அப்பாவை மாடிக்கு அழைத்துவந்தேன். கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். ஸ்டேஷனைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கன்னத்தைப் பிளைவுட்டில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். மயக்கமோ என்று தோளைத் தொடப் போனேன். கையை ஆட்டினார், கேங்குக்குக் காட்டுகிற அதே ஆட்டல்.

"பாலத்துக்கு இந்தாண்ட மூணாவது ஜாயிண்ட் தாழ்ந்திருக்கு பாரு. தூக்கி அடி."

நகம் ஓட்டினேன். தட்டவில்லை. நூல் பிடித்தேன். சரியாக இருந்தது. சின்ன லெவலை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு காகிதக் கனம் தாழ்ந்திருந்தது. கட்டைக்கு அடியில் ஒரு போஸ்ட் கார்டை நறுக்கிச் செருகினேன். மறுபடி கன்னம் வைத்துப் பார்த்தார். போதும் என்று கையைக் காட்டிவிட்டு, "காப்பி கெடைக்குமா?" என்றார். அப்பா போய்ச் சில வருஷம் ஆகிறது. அந்தப் போஸ்ட் கார்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

புனே கோத்ரூடில் 1998இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். வசதி இருப்பவர்கள் ஜெர்மனியில் ஹாம்பர்க் வரை போய்வருகிறார்கள், 2001இல் தொடங்கிய பெரிய மாடல் ரயில் உலகம் அங்கே இருக்கிறது. புனேயில் விளக்குகள் அணைந்து மேஜை மேல் ஊர் முழுக்க விளக்கேறியபோது கூட்டம் 'ஆ' என்றது. நான் மட்டும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரயில்கூட இறங்கவில்லை. அதற்குப் பின்னால் எத்தனை இரவு யார் குனிந்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

இப்போதும் ஞாயிறு காலையில் ரயிலை ஓட்டும் முன் எஞ்சினைத் தொடமாட்டேன். கனமே இல்லாத நாலு சக்கரக் காலிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதை ஒரு விரலால் தள்ளிக்கொண்டு முழுப் பாதையும் போய்வருவேன், முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை. கனமான எஞ்சின் மிதித்துக்கொண்டு போய்விடும் பிழையை அந்தக் காலிப் பெட்டி காட்டிக் கொடுத்துவிடும். பேரன் அதற்குத் தாத்தா டியூட்டி என்று பேர் வைத்திருக்கிறான்.

உங்கள் வீட்டு ரயில் இறங்குகிறது என்றால் எஞ்சினைக் கூரியரில் கட்ட வேண்டாம். எந்த இடத்தில் இறங்குகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து ஒரு சாண் பின்னால் போய் நகத்தை வையுங்கள். தட்டவில்லை என்றால் கன்னத்தை வையுங்கள். அதற்கும் தெரியவில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், வந்து படுத்துப் பார்க்கிறேன்.